காத்திருக்கச் சொன்னவன்

மவுஸின் மேல் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருப்பார் அந்த அக்கா. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூத்தாநல்லூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரின் நெல் கொள்முதல் நிலையம் அது. வெளியே சிமெண்டுக் களம், தகரக் கொட்டகை, உள்ளே ஒரு மேசை, ஒரு கணினி, அதன் முன்னால் பதிவு வேலைக்கென்று அமர்த்தப்பட்ட அக்கா. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது பொறுமை இழந்த யாராவது குனிந்து மவுஸை அமுக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கிண்ணம். அதன் அடியில் அவருடைய மாமியாரின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. "சார்தான் அமுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று களத்தில் நின்றவர்களிடம் என்னைக் காட்டினார். எனக்கு அப்போது ஏகப் பெருமை. நான் எழுதிய நிரலுக்கு ஒருவர் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து காவல் வைத்திருக்கிறார் என்றால் சும்மாவா?

நான் திருவிடைமருதூர்ப் பக்கத்துக்காரன். படித்து முடித்துச் சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். நெல் விற்க வருகிறவர்களுக்கு இணையத்தில் டோக்கன் கொடுக்கும் வேலையை எங்கள் நிறுவனம் ஒப்பந்தம் எடுத்திருந்தது. அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டுச் சிட்டா, அடங்கல் என்ற நிலச் சான்றுகளோடு பதிவு செய்தால், எந்தத் தேதியில் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு டோக்கன் வரும். டோக்கன் வந்தால்தான் நெல் தராசில் ஏறும். காலை ஒன்பது மணிக்குப் பதிவு திறக்கும். மாவட்டம் முழுவதற்கும் அன்றைக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. அது தீர்ந்தால் மறுநாள்தான். ஆகவே எட்டு ஐம்பத்தொன்பதுக்கே அத்தனை ஊரும் ஒரே கதவைத் தட்டத் தயாராக நிற்கும். நிலையங்களில் இருப்பவர்களுக்கு ஓர் ஆப். வெளியாட்கள், பிரவுசிங் சென்டர்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஓர் இணையப் பக்கம். ஆப்பை எழுதியவன் நான்.

கூட்டம் தாங்காமல் வழி அடைபடும்போது அனுப்பிய செய்திகளில் சில பாதியில் விழுந்துவிடும். அனுப்பியவனுக்குப் பதில் வராது. அவன் இரண்டில் ஒன்று செய்யலாம். உடனே மறுபடி அனுப்பலாம். அல்லது, 'வழியில் நெரிசல் போலிருக்கிறது' என்று தானாகப் புரிந்துகொண்டு சற்று ஒதுங்கி நிற்கலாம். மறுபடியும் விழுந்தால் இன்னும் இரண்டு பங்கு நேரம் ஒதுங்கலாம். எல்லோரும் ஒதுங்கினால் வழி தானே திறந்துகொள்ளும். எல்லோரும் முண்டினால் முண்டுவதே அடைப்பாகிவிடும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கேட் மூடியதும் வலது பக்கத்திலும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எதிர்ப்பக்கத்திலும் அதே கதை. திறந்த பிறகு எவனும் நகர முடியாது. அந்தக் கூட்டத்திலும் ஒழுங்காக இடது பக்கம் நிற்கிற ஒருவன் இருப்பான். அவன்தான் கடைசியில் போவான். அவனை எல்லோரும் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டே தாண்டுவார்கள்.

அதனால்தான் இந்தத் தொழிலில் பொறுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அனுப்புகிற நுனியில் இருப்பவன் ஒதுங்க வேண்டும். நடுவில் இருக்கும் பாதை, ஒதுங்காதவனைப் பார்த்துப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது. எங்கள் அலுவலகத்தில் நுனி என் பொறுப்பு. நடுப்பாதை எங்கள் தலைமைப் பொறியாளரின் பொறுப்பு. நல்ல படிப்பாளி. வெள்ளைப் பலகையில் எதை விளக்கினாலும் ஒரு வாய்க்காலும் மதகும் வரைந்துவிட்டு, "தஞ்சாவூர்க்காரனுக்கு இதச் சொல்லவா வேணும்?" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவர் வரைந்த வாய்க்காலில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை என்று ஒன்று இருந்ததே இல்லை. எங்கள் வேலை தொடங்கிய நாளில், "ஆப்ப நீ ஒழுங்கா வை. தள்றவங்கள நான் நடுவுல பிடிச்சிக்கறேன்" என்று சொன்னார். நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், அதைத் திருவாரூரில் நடந்த பயிற்சியில் நிலையப் பணியாளர்கள் அத்தனை பேரிடமும் என் வாயால் சொன்னேன்.

அந்தப் பயிற்சியில்தான் அக்காவை முதலில் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். 'பதில் வராவிட்டால் ஆப் தானாகக் காத்திருந்து தானாகவே மறுபடி அனுப்பும். நீங்கள் எதையும் தொட வேண்டாம்' என்று நான் முடித்ததும் எழுந்தார்.

"சார், நான் சும்மா இருந்துடுவேன். பக்கத்து ஊர்க்காரங்க சும்மா இருக்க மாட்டாங்களே. அப்ப என்ன சார் பண்றது?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். "அத நடுவுல நாங்க பாத்துக்கறோம்க்கா. யாரு முண்டறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். நீங்க அமுக்காம இருங்க, அது போதும்" என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று அங்கே கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அதற்குத்தான் நான் பொய் சொன்னேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரிந்துகொள்ளாமலே வாக்குக் கொடுத்தேன் என்பதும் உண்மைதான்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. களத்தில் யார் குவியல் முதலில், யாருடையது அடுத்து என்பதை மாரியம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஒரு காலத்தில் குவியலைக் கொட்டுவதில் வெட்டுக்குத்து வரை போன ஊராம். அதனால் வந்த கட்டுப்பாடு. சீட்டில் வந்த வரிசையை யாரும் மீற முடியாது. முதல் குவியலுக்கு வழி பிறக்காமல் இரண்டாவது குவியலைத் தொட்டால் முதல் ஆளை ஊர் நடுவில் அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். அக்கா இந்த வழக்கத்தை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்திருந்தார். முதல் பெயரைப் பதிவு செய்து, டோக்கன் வந்த பிறகே அடுத்த பெயர். ஒரே நேரத்தில் பத்துப் பேரை அனுப்பலாம் என்று நான் சொன்னேன். "அனுப்பலாம் சார். ஆறாவது ஆளுக்கு வந்து மூணாவது ஆளுக்கு வரலன்னா நான் இந்த ஊர்ல குடியிருக்க முடியாது" என்றார். அவருக்குக் குடியிருப்பது லேசான விஷயம் இல்லை. அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மற்றவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்த குடும்பம். அந்தக் குறுவையில்தான் அவர் கணவர் முதல்முதலாகக் குத்தகைக்கு நிலம் பிடித்துத் தன் பெயரில் நெல் விளைவித்திருந்தார். சீட்டில் அவர்களுடைய குவியல் ஏழாவதாக வந்திருந்தது. பதிவு செய்வதே தன் மனைவிதான் என்றாலும் அந்த மனிதர் ஒருநாளும் உள்ளே வந்து எட்டிப் பார்த்ததில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பதிவு தொடங்கி நான்கு நாள் எல்லாம் சுமுகமாகப் போயிற்று. ஐந்தாம் நாள் எவனோ ஒரு பிரவுசிங் சென்டர்காரன் கண்டுபிடித்துவிட்டான்: இணையப் பக்கத்தை ஒரு ஜன்னலில் திறப்பதற்குப் பதில் இருபது ஜன்னலில் திறந்துவைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அமுக்கினால் ஏதாவது ஒன்று உள்ளே போய்விடுகிறது. நடுவில் வழியைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவிக்கு ஆளைத் தெரியாது, இணைப்பைத்தான் தெரியும். இருபது ஜன்னல் திறந்தவன் அதன் கணக்கில் இருபது பேர். கிண்ணம் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அக்கா ஒரே ஒரு ஆள். அதிலும், ஒவ்வொரு தடவை விழும்போதும் இன்னும் அதிக நேரம் ஒதுங்கி நிற்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த ஆள். இரண்டே நாளில் இந்த வித்தை மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

அக்கா எனக்கு ஃபோன் செய்தார். "சார், நான் தொடவே இல்ல சார். ஒன்பது மணிக்கு ஒரு தடவ அனுப்புனதோட சரி. சும்மாதான் உக்காந்திருக்கேன். ஆனா மூணு நாளா முதல் பேருக்கே வரல." குற்றம் சொல்லும் குரல் இல்லை. தான் எங்கேயோ தவறு செய்துவிட்டோமோ என்று கேட்கிற குரல். நான் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அவருடைய ஆப் ஒதுங்கி ஒதுங்கி, ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே நாற்பது நிமிடம் காத்திருக்கும் நிலைக்கு வந்திருந்தது. அது மறுபடி தட்டுவதற்குள் அன்றைய அளவு தீர்ந்துபோய்விடும். என் நிரல் நான் சொன்னபடியே, ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

தலைமைப் பொறியாளரிடம் ஓடினேன். முண்டுகிறவர்களைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டை அவர் தயார் செய்து வைத்திருந்தார், இயக்கத்தான் இல்லை. இயக்கினால் பெரிய ஆட்களின் பிரவுசிங் சென்டர்கள்தான் முதலில் மாட்டும், அங்கிருந்து எங்கெங்கோ ஃபோன் போகும் என்பது அவருடைய பயம். "சீசன் முடியட்டும்ப்பா. இப்பக் கை வச்சா நமக்குத்தான் பிரச்சின" என்றார். சரி, அவர் செய்யவில்லை. நான் என்ன செய்தேன்? என் ஆப்பில் ஒரே ஓர் எண்ணை மாற்றியிருந்தால் போதும், அக்கா நாற்பது நிமிடத்துக்குப் பதில் நாற்பது நொடியில் மறுபடி தட்டியிருப்பார். நான் மாற்றவில்லை. எல்லோரும் முண்டினால் சர்வரே விழுந்துவிடும், ஒரு பக்கமாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தால் அந்த நியாயத்துக்குள் இருந்தது வெறும் கர்வம். என் கைவேலை சுத்தமாக இருக்க வேண்டும்; அதற்கு விலை கொடுப்பவர் வேறு யாராவதாக இருக்கட்டும். அக்காவிடம், "இன்னும் ரெண்டு நாள் பொறுங்கக்கா, சரியாயிடும்" என்றேன்.

ஊரில் சிலர் கூத்தாநல்லூருக்குப் போய் பிரவுசிங் சென்டரில் பதிவு செய்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். போனால் சீட்டு வரிசை குலைந்துபோகும். ஊர்க் கூட்டத்தில் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவர் நோட்டைப் பிரித்து, நான் சொன்னதை அப்படியே படித்திருக்கிறார். முண்டுகிறவர்களை நடுவில் பார்த்துக்கொள்வார்கள், நாம் அமுக்காமல் இருந்தால் போதும். ஊர் அந்த வார்த்தையை நம்பி உட்கார்ந்துவிட்டது.

ஐப்பசி மழை ஒன்றும் சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை. நான்கு நாள் முன்னதாகவே அறிவித்துவிட்டுத்தான் வந்தது. அந்த நான்கு நாளும் பக்கத்து ஊர்க் களங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. அக்காவின் களத்தில் ஒரு குவியல்கூட நகரவில்லை. விடாமல் மூன்று நாள் பெய்தது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தும் அடியில் ஓடிய தண்ணீர் குவியல்களைக் குடைந்துவிட்டது. மழை விட்ட மறுநாள் நான் அங்கே போனேன். யாரும் அனுப்பவில்லை, இருப்புக் கொள்ளாமல் போனேன். களத்துக்கு நூறடி முன்பே புளித்த வாடை அடித்தது. தார்ப்பாயை விலக்கியிருந்த இடங்களில் நெல்லின் மேல் வெள்ளை வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது. ஏழாவது குவியலின் பக்கத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முளைத்த நெல்லைக் கையால் அள்ளி அள்ளித் தனியே போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் அக்காவின் கணவர் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அள்ளி எடுத்துத் தீர்கிற அளவா அது?

"மவுஸுக்கு மூடி போட்டுப் பூட்டி வச்சிருந்த மகராசி எங்கடி?" என்று ஒரு பெண் கத்தினாள். "ஊர் நெல்லத் தின்னுபுட்டல்ல, இப்பத் தெறந்து காட்டுடி!" அக்கா கொட்டகை வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கூட்டம் என் பக்கம் திரும்பியது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். அப்போது அக்கா முன்னால் வந்து, "சார என்ன சொல்றது? அவங்க ஒழுங்காத்தான் செஞ்சாங்க. கூட்டம் அப்புடி" என்றார். அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அடி வாங்கியிருந்தால் வலி ஒரு வாரத்தில் போயிருக்கும். எங்கள் நடுப்பாதையை யாரும் கவனிக்கவில்லை, உங்களை நம்பவைத்து ஏமாற்றிவிட்டோம் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சீசன் முடிந்ததும் சென்னையில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. தலைமைப் பொறியாளர் திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். எவ்வளவு நெரிசலிலும் சர்வர் ஒருநாள்கூட விழவில்லை. கோடு மேடுபள்ளம் இல்லாமல் வழுவழுவென்று போயிற்று. அத்தனை பேரும் கை தட்டினார்கள். அந்த வழுவழுப்பு எதனால் ஆனது என்று எனக்குத் தெரியும். அக்காவைப் போல வாய் திறக்காமல் காத்திருந்தவர்களின் நாற்பது நாற்பது நிமிடங்களால் ஆனது. ஆப்பைச் சிறப்பாக எழுதியதற்கு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். குனியாமல் இருந்திருக்கலாம்.

அக்காவை அந்த வேலையிலிருந்து ஊரே நிறுத்திவிட்டது. அவர் கணவர் குத்தகையை விட்டுவிட்டுப் பழையபடி கூலிக்குப் போனார். அடுத்த குறுவைக்குள் அக்கா கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ஒரு சிறிய இடம் பிடித்து, தானே ஒரு பிரவுசிங் சென்டர் போட்டுவிட்டார். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மூன்று கணினிகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக ஜன்னல்கள். நின்றுகொண்டே இரண்டு கையாலும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வேகத்தை நான் சென்னையில்கூடப் பார்த்ததில்லை. அவரைத் தூக்கி எறிந்த அதே ஊர்க்காரர்கள் வெளியே நின்றிருந்தார்கள். "வாங்க சார்" என்றார் கையை எடுக்காமல். "இப்பல்லாம் எங்க ஊருக்கு வந்துடுது சார்." அவ்வளவுதான் பேசினார்.

அந்த ஆண்டு எல்லோருமே அக்கா கற்றுக்கொண்டதைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒதுங்கி நிற்க ஆள் இல்லை. ஒருநாள் காலை ஒன்பது பத்துக்குச் சர்வர் மொத்தமாக விழுந்தது. அன்று எந்த ஊருக்கும் டோக்கன் இல்லை. அதற்குப் பிறகுதான் தலைமைப் பொறியாளருக்குத் தைரியம் வந்தது. முண்டுகிறவர்களை நிறுத்தும் ஏற்பாட்டை நாளை முதல் இயக்கப் போகிறோம், யார் அதிகம் தள்ளுகிறார்களோ அந்த இடத்தை அன்றைய பகல் முழுவதும் அடைத்துவிடுவோம், பட்டியலைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பது உன் வேலை என்று என்னிடம் ஒப்படைத்தார். "நீ கேட்டதுதானே?" என்றார். ஆமாம், நான் கேட்டதுதான். போன குறுவையிலிருந்து கெஞ்சிக் கேட்டது.

அன்று சாயங்காலமே அக்காவுக்கு ஃபோன் செய்தேன். "அக்கா, நாளைலேருந்து அத்தன ஜன்னல் திறக்காதீங்க. நிறைய தள்றவங்கள அடைச்சிடுவாங்க."

"யாரு சார் அடைப்பாங்க?"

"நாங்கதான்."

"அப்பவே இத செஞ்சிருந்தீங்கன்னா நான் இந்தக் கடையே போட்டிருக்க மாட்டேனே சார்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். "நாளைக்குப் பதினாலு பேருக்குப் போடணும். அத்தன பேரு நெல்லும் களத்துலதான் கெடக்குது. வானம் இருட்டிக்கிட்டு வருது. ஒருக்கா உங்க பேச்சக் கேட்டுக் கைய எடுத்தேன். இன்னொருக்கா எடுக்க மாட்டேன். நீங்க உங்க வேலயப் பாருங்க, நான் என் வேலயப் பாக்கறேன்."

மறுநாள் ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடங்களில் பட்டியல் வந்தது. மாவட்டத்திலேயே அதிகம் தள்ளிய இடம் முதல் வரியில் இருந்தது: கூத்தாநல்லூர் கடைத்தெரு. தலைமைப் பொறியாளரிடம், இந்த ஒன்றை மட்டும் ஒருநாள் விட்டுவிடலாமா என்று கேட்டேன். "ஒருத்தர விட்டா அப்புறம் இது எதுக்குப்பா?" என்றார். அவர் சொன்னது சரி. வாழ்க்கையில் அவர் சரியாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான், அதுவும் அந்த நாளில்தான் சொல்ல வேண்டுமா? நான் ஒப்புதல் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் கூத்தாநல்லூரில் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பதினாலு பேரில் ஒருவருக்கும் அன்றைக்கு டோக்கன் போடப்படவில்லை. மறுவாரம் அக்காவின் கடை பூட்டியிருந்ததாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு எங்கே போனார் என்று ஊரில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகவும் அவர்கள் நினைக்கவில்லை. இப்போது எல்லாம் நன்றாக நடக்கிறது. இருபது ஜன்னல் திறந்தாலும் ஓர் ஆள் ஓர் ஆள்தான். காத்திருக்கிறவர்களுக்கு முறை வந்துவிடுகிறது, கடைசி ஊர்வரைக்கும் வருகிறது. போன மாதம்கூட ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பொறுப்பை நுனியும் நடுவும் எப்படிப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். ஒழுங்காக இருந்ததற்காகவும் அந்த அக்காவைத்தான் தண்டித்தோம், ஒழுங்கு மீறியதற்காகவும் அந்த அக்காவைத்தான் தண்டித்தோம் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. இரண்டு தடவையும் கை என்னுடையது.